வாசகர் கேள்வி – பதில்: பொருளியலும் நிதியும் படிக்கிறவர்களுக்கு

பொருளியல், நிதி சார்ந்த பட்டப்படிப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்தப் பாடங்களை நடத்துகிறவர்கள் இங்கே பதில் தருகிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு. வணிகக் கணிதமும் படிக்கிறாள். ரிசர்வ் வங்கி, இந்தியப் பொருளாதாரப் பணி என்றெல்லாம் பேசுகிறாள். பி.காம்., பி.ஏ. பொருளியல், பி.பி.ஏ. நிதி மூன்றில் எது? சொந்தபந்தம் எல்லாம் 'பி.காம். போதும்' என்கிறது.
– ஒரு தாய், விருதுநகர்

மகள் சொல்லும் இரண்டு வேலைகளுக்கும் வாசல் ஒன்றல்ல. ரிசர்வ் வங்கியின் 'கிரேடு பி' பொதுப்பிரிவு அதிகாரி தேர்வை எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். பொதுப்பிரிவினருக்குப் பட்டத்தில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆக, அங்கே பி.காம். எந்தத் தடையும் இல்லை.

இந்தியப் பொருளாதாரப் பணி (ஐ.இ.எஸ்.) வேறு கதை. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தத் தேர்வுக்குப் பொருளியல், பயன்பாட்டுப் பொருளியல், வணிகப் பொருளியல், பொருளாதார அளவையியல் (பொருளியலைப் புள்ளிவிவரத்தால் அளந்து சோதிக்கும் துறை) ஆகியவற்றில் ஒன்றில் முதுநிலைப் பட்டம் இருக்க வேண்டும். எம்.காம்., எம்.பி.ஏ. நிதி இரண்டும் செல்லாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எம்.காம். முடித்துவிட்டு, விண்ணப்பத்தைத் திறந்த பிறகு திகைத்துப்போகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். வயது வரம்பு 21 முதல் 30. எழுத்துத் தேர்வு 1,000 மதிப்பெண், நேர்காணல் 200. எழுத்துத் தேர்வில் பொது ஆங்கிலத்துக்கும் பொது அறிவுக்கும் தலா 100 போக, மீதி 800-ம் பொருளியல்தான். எல்லாமே விரிவாக எழுதும் தாள்கள்.

அதனால் ஐ.இ.எஸ். ஆசை உறுதியானது என்றால் பி.ஏ. அல்லது பி.எஸ்சி. பொருளியலில் நேரடியாகச் சேர்த்துவிடுங்கள். சி.ஏ., வங்கி எழுத்தர் பணி, தணிக்கை அலுவலகம் என்று மனம் போனால் பி.காம். நல்லது. பி.பி.ஏ. நிதியை மகளின் ரிசர்வ் வங்கி, ஐ.இ.எஸ். இரண்டு இலக்குக்கும் நாங்கள் முதலில் சொல்ல மாட்டோம். அது மேலாண்மைப் படிப்புக்கான அடித்தளம்.

பட்டத்தின் பெயரைவிடப் பாடத்திட்டம் முக்கியம். கல்லூரியின் ஆறு பருவப் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். கணிதம், புள்ளியியல் இரண்டும் சேர்ந்து குறைந்தது மூன்று தாள்களாவது இருக்கின்றனவா, பொருளாதார அளவையியல் இருக்கிறதா என்று பாருங்கள். அது விருப்பப்பாடமாக இருந்தால், போன ஆண்டு அதை உண்மையிலேயே நடத்தினார்களா என்று துறையில் கேளுங்கள். ஏட்டில் இருந்து வகுப்பில் இல்லாத பாடங்கள் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகம் பக்கம் போக நினைத்தால், அங்கே பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலுக்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வில் கணிதமும் எழுதியிருக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தின் வணிகக் கணிதம் இதற்குப் பொருந்துமா என்பதை அந்த ஆண்டின் சேர்க்கைக் கையேட்டில் பார்த்து, எழுத்திலும் கேட்டு வாங்கிய பிறகே பாடங்களைத் தேர்வு செய்யுங்கள்.

பிளஸ் டூவில் கணிதமே இல்லை, வரலாற்றுப் பிரிவு. அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளியல் முதலாம் ஆண்டு. எம்.ஏ. நிதிப் பொருளியல் படிக்க ஆசை. சென்னை கோட்டூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் மாதிரி இடங்களுக்குக் கணக்கு தெரியாமல் போக முடியாது என்கிறார்கள். உண்மையா?
– மாணவி, தஞ்சாவூர்

உண்மைதான். ஆனால் உங்களுக்கு முழுதாக இரண்டரை ஆண்டுகள் இருக்கின்றன. தேவைப்படுவதோ நான்கு மாத உழைப்பு, அதன் பிறகு விடாத பழக்கம்.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு 'வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்' நூல்களை எடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்வழி நூலையும் ஆங்கிலவழி நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கணக்கும் வரும், முதுநிலைக்குத் தேவையான ஆங்கிலச் சொற்களும் கூடவே வந்துவிடும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 16 வாரம்:

முதல் மூன்று வாரம் இயற்கணிதம், சார்புகள், மடக்கை. அடுத்த நான்கு வாரம் வகையிடல். அதற்கடுத்த மூன்று வாரம் பதினொன்றாம் வகுப்பில் 'வகையீட்டின் பயன்பாடுகள்' என்று வரும் பாடம். உங்களுக்கு மிக முக்கியமான பாடம் அதுதான், ஏனென்றால் நெகிழ்ச்சி, இறுதிநிலைச் செலவு, பெருமம் சிறுமம், பகுதி வகையிடல் எல்லாம் அந்த ஒரே இடத்தில் இருக்கின்றன. பிறகு மூன்று வாரம் அணிகள், கடைசி மூன்று வாரம் நிகழ்தகவும் பரவல்களும்.

கணிதத்தைப் பொருளியலோடு ஒட்டியே பழகுங்கள். ஒரு பொருளின் தேவை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அளவு = 100 − 2 × விலை. விலை 20 ரூபாய் என்றால் 60 விற்கும், வருவாய் 1,200. விலையை 30 ஆக்கினால் 40 விற்கும், வருவாய் மறுபடியும் அதே 1,200. நடுவில் எங்கோ உச்சம் இருக்கிறது என்று இதிலிருந்தே தெரிகிறது. வருவாய் = 100 × விலை − 2 × விலையின் வர்க்கம். இதை வகையிட்டால் 100 − 4 × விலை. அதைப் பூஜ்யமாக்கினால் விலை 25, வருவாய் 1,250. இப்போது 20 ரூபாயில் நெகிழ்ச்சியை, அதாவது விலை ஒரு விழுக்காடு மாறினால் அளவு எத்தனை விழுக்காடு மாறும் என்பதைப் போடுங்கள்: 2 × 20 ÷ 60, அதாவது 0.67. குறி எதிர்மறை. 25 ரூபாயில் 2 × 25 ÷ 50 = 1. நெகிழ்ச்சி ஒன்றாக இருக்கும் இடத்தில் வருவாய் உச்சம் என்று புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது இப்போது உங்கள் கையிலேயே வந்துவிட்டது. இதில் அடிக்கடி நடக்கும் தவறு, சாய்வையும் நெகிழ்ச்சியையும் ஒன்றாக நினைப்பது. இந்தக் கோட்டில் சாய்வு எங்கும் ஒன்றுதான், நெகிழ்ச்சி ஒவ்வொரு புள்ளியிலும் மாறும்.

கையில் இருக்கும் பணம் போன்ற ஒரு வரம்புக்குள் உச்சத்தைத் தேடும் லக்ராஞ்சு முறையைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். அதையும் சின்ன எண்ணில் போட்டுப் பாருங்கள். கையில் 200 ரூபாய், வடை 10 ரூபாய், டீ 20 ரூபாய், பயன்பாடு என்பது வடை எண்ணிக்கை × டீ எண்ணிக்கை. விடை 10 வடை, 5 டீ, பயன்பாடு 50. கணக்கில் லாம்டா என்று வரும் எண் 0.5. பெரும்பாலானோர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள், அந்த 0.5 எதற்கு என்று கேட்பதில்லை. கையில் இருப்பது 201 ரூபாய் என்று மாற்றிப் போடுங்கள் (பின்னங்களை அனுமதித்து): 10.05 வடை, 5.025 டீ, பயன்பாடு 50.50. ஒரு ரூபாய் கூடினால் பயன்பாடு அரைப்புள்ளி கூடுகிறது. அதுதான் லாம்டா. முதுநிலை நுழைவுத் தேர்வுகளில் சுற்றிச் சுற்றிக் கேட்கப்படுவது இந்த அர்த்தம்தான்.

தீர்த்து வைத்த எடுத்துக்காட்டுகளைப் படித்துவிட்டுப் 'புரிந்தது' என்று நகர்வதுதான் இந்தப் பாதையில் பெரிய பள்ளம். எடுத்துக்காட்டைப் பார்த்ததும் நூலை மூடி, வெற்றுத்தாளில் அதையே போடுங்கள். நடுவில் நின்றுவிட்டால் நின்ற வரியில் ஒரு கோடு போட்டு, மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள். அந்தக் கோடுகள் எங்கே கூடுகின்றனவோ அதுதான் உங்கள் பலவீனமான பாடம்.

இரண்டாம் ஆண்டு முடிவில் ஐ.ஐ.டி. நடத்தும் ஜாம் என்ற முதுநிலை நுழைவுத் தேர்வின் பொருளியல் தாளை வீட்டில் எழுதிப் பாருங்கள். 2021-லிருந்து இந்தத் தாள் இருக்கிறது. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்வியில் தவறினால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். பல விடைகள் சரியாக இருக்கும் கேள்விக்கும், எண்ணாக விடை தரும் கேள்விக்கும் கழிவு இல்லை, அதனால் அவற்றில் எதையும் வெறுமையாக விட வேண்டாம். கணக்கில் நன்றாகத் தேறிவிட்டால் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.எஸ். அளவுசார் பொருளியலையும் எண்ணிப் பாருங்கள். அங்கே கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. ஆனால் நுழைவுத் தேர்வு கணிதத்தில் மிகக் கடினம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்களுக்கு உண்டு. விண்ணப்பிக்காமல் இருந்தால் கல்லூரி அலுவலகத்தில் இன்றே கேளுங்கள்.

பொருளியல் படிக்க என்ன மாதிரி லேப்டாப் வாங்க வேண்டும்? எந்த மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டும்?
– மாணவர், சேலம்

8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. உள்ள எந்த லேப்டாப்பும் போதும். மென்பொருளுக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். கிரெட்டல், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். முதலில் கிரெட்டலில் பழகி, மூன்றாம் ஆண்டில் ஆர்-க்கு மாறுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஸ்டேட்டா மென்பொருளின் திருட்டு நகல் வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பதோடு, வைரஸ் புகுந்து ஆய்வுக் கோப்பே அழிந்தால் பருவத் தேர்வுக்கு முன்னால் அழுவதைத் தவிர வழியில்லை.

நிதி மேலாண்மையில் என்.பி.வி.யும் (நிகர இன்றைய மதிப்பு) ஐ.ஆர்.ஆரும் (உள் வருவாய் வீதம்) முரண்பட்டால் என்.பி.வி.யை எடு என்று மனப்பாடமாக எழுதுகிறோம். ஏன் என்று கேட்டால் வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. எக்செலில் போட்டால் புத்தக விடையும் வருவதில்லை.
– பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவர்கள், கோயம்புத்தூர்

இரண்டு திட்டங்கள். முதலாவதில் இன்று 1 லட்சம் போட்டால் ஓராண்டு கழித்து 1.30 லட்சம் வரும். இரண்டாவதில் 5 லட்சம் போட்டால் 6 லட்சம் வரும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மூலதனச் செலவு, அதாவது பணம் திரட்ட ஆகும் வீதம், 10 விழுக்காடு.

ஐ.ஆர்.ஆர்., அதாவது என்.பி.வி.யைப் பூஜ்யமாக்கும் வீதம், முதலாவதற்கு 30 விழுக்காடு, இரண்டாவதற்கு 20. அதை மட்டும் பார்த்தால் முதலாவதுதான். இனி என்.பி.வி. போடுங்கள், அதாவது வரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழியுங்கள். 1,30,000-ஐ 1.1-ஆல் வகுத்தால் 1,18,182, அதில் 1 லட்சம் போக 18,182. இரண்டாவதில் 6,00,000 ÷ 1.1 = 5,45,455, அதில் 5 லட்சம் போக 45,455. இப்போது இரண்டாவது ஜெயிக்கிறது.

ஏன் என்பதற்கு இரண்டு திட்டங்களின் வித்தியாசத்தைத் தனி ஒரு திட்டமாகப் பாருங்கள். இரண்டாவதை எடுத்தால் கூடுதலாக 4 லட்சம் போடுகிறீர்கள், கூடுதலாக 4.70 லட்சம் பெறுகிறீர்கள். அந்தக் கூடுதல் பணத்தின் வருவாய் வீதம் 17.5. பணத்தின் செலவு 10. பத்துக்கு வாங்கி பதினேழரைக்குப் போடுவதை எந்த வியாபாரியும் விட மாட்டார். ஐ.ஆர்.ஆர். விழுக்காட்டை மட்டும் சொல்கிறது, எத்தனை ரூபாய் மேல் அந்த விழுக்காடு என்று சொல்வதில்லை. முரண்பாடு வருவது அங்கேதான். மூலதனச் செலவு 17.5-ஐத் தாண்டினால் விடை தலைகீழாகும், முதல் திட்டமே மேல். தேர்வில் 17.5 என்ற இந்தக் குறுக்கு வீதத்தையும் சேர்த்து எழுதுங்கள், முழு மதிப்பெண் கிடைக்கும்.

ஐ.ஆர்.ஆருக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஒரு கல் குவாரி: இன்று 1,000 செலவு, ஓராண்டு கழித்து 2,300 வரவு, இரண்டாம் ஆண்டு குழியை மூடிச் சீரமைக்க 1,320 செலவு. இதற்கு 10 விழுக்காடும் ஐ.ஆர்.ஆர்., 20 விழுக்காடும் ஐ.ஆர்.ஆர். இரண்டையும் போட்டுச் சரிபாருங்கள், இரண்டிலும் என்.பி.வி. பூஜ்யம்தான். பணவோட்டத்தின் குறி ஒரு தடவைக்கு மேல் மாறினால் இப்படி நடக்கலாம். எக்செல் இரண்டில் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு, இன்னொன்று இருப்பதைச் சொல்லாது.

எக்செலில் புத்தக விடை வராததற்குக் காரணம் வேறு. அங்கே என்.பி.வி. ஃபார்முலா, நீங்கள் கொடுக்கும் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. இன்றைய முதலீட்டையும் அதற்குள் போட்டால் எல்லாமே ஓராண்டு கூடுதலாகத் தள்ளுபடி ஆகும். இரண்டாம் திட்டத்தை அப்படிப் போட்டால் 45,455-க்குப் பதில் 41,322 வரும். ஃபார்முலாவுக்குள் முதலாண்டு வரவிலிருந்து கொடுங்கள், இன்றைய முதலீட்டை வெளியே தனியாகக் கழியுங்கள்.

எம்.ஏ. ஆய்வேட்டுக்கு 25 ஆண்டுத் தரவு எடுத்து, தங்க விலையை ஜி.டி.பி.யோடு ரிக்ரஷன் (தொடர்புப் போக்கு) போட்டேன். ஆர் ஸ்கொயர் (பொருத்தத்தின் அளவு) 0.97, டர்பின்–வாட்சன் (பிழைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கின்றனவா என்று காட்டும் எண்) 0.42. வழிகாட்டி 'இது போலி' என்று சொல்லித் திருப்பிவிட்டார். 0.97 வந்தது எப்படிப் போலியாகும்?
– மாணவி, திருநெல்வேலி

உங்கள் வழிகாட்டி சொன்னது சரி. 1974-லேயே கிரேஞ்சரும் நியூபோல்டும் காட்டிய விஷயம் இது. காலப்போக்கில் ஏறிக்கொண்டே போகும் எந்த இரண்டு தொடர்களையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டால் ஆர் ஸ்கொயர் பெரிதாகத்தான் வரும். தமிழ்நாட்டில் ஓடும் இருசக்கர வாகனங்களின் எண்ணிக்கையைப் போட்டாலும் தங்க விலையை அது 'விளக்கும்'. ஆர் ஸ்கொயர், டர்பின்–வாட்சன் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் சந்தேகப்படு என்பது அவர்கள் தந்த எச்சரிக்கை. உங்களிடம் 0.97-க்கு எதிரே 0.42 நிற்கிறது.

செய்ய வேண்டியது இது. இரண்டு தொடரையும் மடக்கையாக்கி வரைபடம் போடுங்கள். தொடர் ஒரு சராசரியைச் சுற்றி நிலைத்து நிற்கிறதா என்று பார்க்கும் அலகு வேர்ச் சோதனையை, அதாவது ஏ.டி.எஃப்.-ஐ, இரண்டுக்கும் மூலத் தொடரிலும் முதல் வேறுபாட்டிலும் (ஆண்டுக்கு ஆண்டு மாற்றம்) செய்யுங்கள். மூலத்தில் நிலையற்றும் வேறுபாட்டில் நிலைத்தும் இருந்தால், இரண்டும் நெடுங்காலத்தில் இணைந்து நடக்கின்றனவா என்று எங்கிள்–கிரேஞ்சர் சோதனை செய்யலாம். இங்கே பலர் சறுக்குகிறார்கள். ரிக்ரஷனின் எச்சங்களை (உண்மை மதிப்புக்கும் கணித்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசம்) எடுத்துச் சாதாரண ஏ.டி.எஃப். அட்டவணையோடு ஒப்பிட்டு 'இணைந்திருக்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். பெரிய மாதிரியில், 5 விழுக்காடு மட்டத்தில் சாதாரண எல்லை −2.86, இரண்டு மாறிகளின் எங்கிள்–கிரேஞ்சருக்கு −3.34. எச்சத்தின் சோதனை மதிப்பு −3.0 என்று வந்தால் முதல் அட்டவணை 'ஆம்' என்கும், சரியான அட்டவணை 'இல்லை' என்கும். கிரெட்டலில் இந்தச் சோதனை தனியாகவே இருக்கிறது, சரியான மதிப்பை அதுவே எடுத்துக்கொள்ளும். இணைப்பு இல்லை என்றால் வளர்ச்சி வீதங்களை வைத்து மட்டும் பேசுங்கள். ஆர் ஸ்கொயர் 0.97-லிருந்து 0.1-க்கு விழும். விழட்டும், உண்மை அதுதான். 25 புள்ளிகளில் இந்தச் சோதனைகளுக்கு வலுவும் குறைவு, அதை ஆய்வேட்டில் ஒளிக்காமல் ஒரு பத்தி எழுதுங்கள்.

தரவிலும் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, அடிப்படை ஆண்டு, அதாவது எந்த ஆண்டின் விலையில் கணக்கிடுகிறார்கள் என்பது. ஜி.டி.பி.யில் 2004–05 தொடரையும் 2011–12 தொடரையும் வெட்டி ஒட்டினால் கணக்கு பாழ். 2013–14-இன் வளர்ச்சி பழைய தொடரில் 4.7 விழுக்காடு, 2015 ஜனவரியில் வந்த புதிய தொடரில் 6.9. ஒட்டிய இடத்தில் பொருளாதாரம் தாவியது போலத் தெரியும், தாவியது அளவுகோல்தான். ஒரே அடிப்படை ஆண்டுக்குப் பின்னோக்கி மாற்றிய தொடர் கிடைக்கிறது, அதையே எடுங்கள். இரண்டு, ஜி.டி.பி. ஏப்ரல் முதல் மார்ச் வரை. தங்கத்தின் ஆண்டுச் சராசரியைப் பெரும்பாலும் ஜனவரி–டிசம்பராகத்தான் எடுத்திருப்பீர்கள். மாதச் சராசரிகளை எடுத்து நிதியாண்டாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் நேரம் இருந்தால் தலைப்பையே மாற்றச் சொல்வோம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் குடும்பவாரித் தரவை இலவசமாகத் தருகிறது. 25 புள்ளியோடு மல்லாடுவதைவிட, தமிழ்நாட்டின் பல ஆயிரம் குடும்பங்களில் கல்விக்கு எவ்வளவு செலவாகிறது, மொத்தச் செலவுப் பிரிவுக்கேற்ப அது எப்படி மாறுகிறது என்று பார்ப்பது எவ்வளவோ மேல். 60 பேரிடம் வினாத்தாள் கொடுத்து கேரட் (Garrett) முறையில் காரணங்களுக்குத் தரவரிசை போடும் வழக்கமான ஆய்வேட்டைவிடவும் மேல் என்று உறுதியாகச் சொல்வோம். ஒரே எச்சரிக்கை: ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்திருக்கும் எடையை (அது எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்ற எண்ணை) பயன்படுத்தாமல் சராசரி போடாதீர்கள். முதலில் அகில இந்தியச் சராசரியைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2022–23 கணக்கெடுப்பில் ஒருவருக்கான மாதச் செலவு கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய் என்பது வெளியிடப்பட்ட எண். உங்கள் கணினியில் அது வந்தால் எடை சரி, மேலே போகலாம். வராவிட்டால் அங்கேயே நின்று திருத்துங்கள்.

தமிழ்வழியில் பி.ஏ. எழுதுகிறேன். பத்து மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினாலும் நாலு, ஐந்துதான் வருகிறது.
– மாணவர், தருமபுரி

பக்கம் கூடினால் மதிப்பெண் கூடாது. ஒரு விடையில் வரையறை, அனுமானங்கள், வரைபடம், வரைபடத்தைச் சுட்டிய விளக்கம், குறைபாடுகள் என்று ஐந்து பகுதி இருக்கட்டும், ஒன்றரைப் பக்கத்தில் முடியும். வரைபடத்தில் இரண்டு அச்சுக்கும் பெயர், கோடுகளுக்குப் பெயர், சமநிலைப் புள்ளி மூன்றும் இல்லாவிட்டால் திருத்துபவர் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்.

விடைத்தாள்களில் மறுபடி மறுபடி பார்க்கும் தவறு ஒன்றைச் சொல்கிறோம். "வெங்காய விலை ஏறினால் தேவை குறையும், தேவை குறைந்தால் விலை இறங்கும், விலை இறங்கினால் தேவை கூடும்…" இப்படி எழுதிக்கொண்டே போனால் விலை ஏறியதா இறங்கியதா என்று கடைசி வரை தெரியாது. மழையில் பயிர் அழுகி வரத்து குறைந்தது என்று தொடங்குங்கள். அளிப்புக் கோடு இடப்பக்கம் நகர்கிறது. தேவைக் கோடு அசையவில்லை, அதன் மேலேயே நாம் மேல்நோக்கி நகர்கிறோம். விலை கூடுகிறது, வாங்கும் அளவு குறைகிறது. அவ்வளவுதான். கோடு நகர்வது வேறு, கோட்டின் மேல் நகர்வது வேறு. இந்த ஒன்று பிடிபட்டால் வட்டி வீதம், அந்நியச் செலாவணி வரை எல்லா வரைபடமும் வசப்படும்.

முதுநிலை ஆங்கிலவழியில் என்றால் மூன்றாம் ஆண்டிலேயே வாரம் ஒரு விடையை ஆங்கிலத்திலும் எழுதிப் பழகுங்கள். அலங்கார ஆங்கிலம் யாரும் கேட்பதில்லை, சின்னச் சின்ன வாக்கியம் போதும்.

வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பொருளியலும் நிதியும் வெளிவாரியாகப் படிக்க நினைக்கிறேன். முடியுமா?
– வாசகர், மட்டக்களப்பு

முடியும், நேரக் கணக்கைப் போட்டுவிட்டு இறங்கினால். பாடத்திட்டத்தை வகுப்பது லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ். மொத்தம் 360 கிரெடிட். ஒரு முழுப் பாடம் 30 கிரெடிட், அதற்குச் சுமார் 300 மணி நேரப் படிப்பு. ஆண்டுக்கு நான்கு முழுப் பாடம் என்றால் 1,200 மணி. 40 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 30 மணி. வங்கி வேலையோடு அது ஆகாது. இரண்டு பாடம் எடுத்தால் வாரம் 15 மணி: வேலை நாட்களில் ஒன்றரை மணி, சனி ஞாயிறில் மீதி. ஆறு ஆண்டு ஆகும், ஆனால் முடியும்.

முதல் ஆண்டில் கணிதத்தையும் புள்ளியியலையும் முன்னால் வையுங்கள். அவற்றைத் தள்ளிப்போட்டுவிட்டு அளவையியலில் இறங்கினால் கட்டிய பணம் வீண். முக்கியத் தேர்வுக் காலம் மே–ஜூன், அதற்கு முந்தைய மாத விடுப்பை இப்போதே வங்கியில் பேசிவையுங்கள். பழைய வினாத்தாள்களோடு தேர்வாளர்களின் குறிப்புரையும் கிடைக்கும். எந்த இடத்தில் எல்லோரும் தவறுகிறார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள், வினாத்தாளைவிட அது பெறுமதியானது. பதவி உயர்வுக்காகப் படிக்கிறீர்கள் என்றால், இந்தப் பட்டத்தை ஏற்பார்களா என்று பணம் கட்டுமுன் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பட்டப்படிப்போடு சி.எஃப்.ஏ. (நிதி ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தொழில்முறைத் தேர்வு) முதல் நிலையும் எழுதலாமா?
– பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவர், மதுரை

பட்டம் முடிய 23 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் எழுத அனுமதி உண்டு. இரண்டே கால் மணி நேரம் வீதம் இரண்டு அமர்வு, 180 கேள்வி, எல்லாம் கொள்குறி வகை. சுமார் 300 மணி நேரம் ஒதுக்க வேண்டும். பொருளியல் படிக்கிறவருக்கு அளவுமுறைகளும் பொருளியலும் பாதி தெரிந்தவை. இடறுவது நிதிநிலை அறிக்கை ஆய்வில்தான், ஏனென்றால் பி.ஏ.வில் கணக்குப்பதிவியல் கிடையாது. அதனால் முதல் இரண்டு மாதம் பி.காம். நண்பரின் நிதிக் கணக்கியல் நூலில் இருப்புநிலைக் குறிப்பு, பணவோட்ட அறிக்கை இரண்டையும் கையால் போட்டுப் பழகுங்கள். தொழில் நெறிமுறைப் பகுதிக்கு மட்டும் 15 முதல் 20 விழுக்காடு கேள்விகள் உண்டு. படிக்க எளிது, கேள்வியில் நுணுக்கம் அதிகம், ஆகவே அதைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொண்டு கேள்வி கேள்வியாகப் போடுங்கள்.

ஆண்டுக்கு நான்கு முறை தேர்வு நடக்கிறது: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். நம் கல்லூரிகளில் பருவத் தேர்வு பெரும்பாலும் ஏப்ரல்–மே, நவம்பர்–டிசம்பரில் வருவதால் மே, நவம்பர் இரண்டையும் தொடாதீர்கள். ஆகஸ்டுக்குப் பதிவு செய்தால் பருவத் தேர்வு முடிந்த பிறகு கோடை விடுமுறை முழுதும் கையில் இருக்கும்.